கொள்ளுத்தாத்தா போலீஸில் இருந்தாராம், எங்கே தேடுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: அப்பாவின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் போலீஸில் ஏட்டாக இருந்தாராம். பெயர் தெரியும், ஒரு குரூப் போட்டோ இருக்கிறது, நம்பர் போட்ட பித்தளை பெல்ட் பக்கிள் ஒன்று இருக்கிறது. சர்வீஸ் விவரம் எங்கே கிடைக்கும்?

உங்களிடம் போட்டோவாவது இருக்கிறது. நான் தேட ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு கதை மட்டும்தான். எங்கள் கொள்ளுத்தாத்தா "இன்ஸ்பெக்டர்", மலையடிவாரத்தில் ரோந்து போனபோது சிறுத்தையோடு கட்டிப் புரண்டவர், அந்தக் காயம் கடைசி வரைக்கும் காலில் இருந்தது. பெரியப்பா இதை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பி நாலைந்து வருஷம் அலைந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மெட்ராஸ் போலீஸ் ரெக்கார்டு" என்று ஒரே இடத்தில் அடுக்கி வைத்த எதுவும் கிடையாது. துரைமார், டி.எஸ்.பி. போன்ற கெசட்டட் ஆட்கள் என்றால் அவர்களுடைய பெயர் அச்சிலேயே இருக்கும், சுலபம். கான்ஸ்டபிளும் ஏட்டும் அப்படியில்லை. அவர்கள் பெயர் ஒரு காகிதத்தில் ஏறி, அந்தக் காகிதம் இன்றுவரை பிழைத்தும் இருக்க வேண்டுமானால் ஏதாவது நடந்திருக்க வேண்டும். பரிசு கிடைத்திருக்க வேண்டும், தண்டனை வந்திருக்க வேண்டும், அடிபட்டிருக்க வேண்டும், கோர்ட்டில் சாட்சி சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் பென்ஷன் வாங்கியிருக்க வேண்டும். அதனால் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். ஊரையும் வருஷத்தையும் சம்பவத்தையும் வைத்துத் தேடுங்கள், பெயர் தானாக வரும்.

அதற்கும் முன்னால், அவர் நிஜமாகவே போலீஸ்தானா என்று பார்த்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. அந்தக் காலத்துக் கிராமத்தில் கையில் தடி, இடுப்பில் பெல்ட், மார்பில் வில்லை போட்ட எல்லோரும் "போலீஸ்"தான். தலையாரி போலீஸ் இல்லை, அவர் கிராம முன்சீப்புக்குக் கீழே ரெவின்யூ பக்கத்து ஆள். ஜெயில் வார்டர் வேறு, ஃபாரஸ்ட் கார்டு வேறு. கடலோர மாவட்டம் என்றால் உப்பு இலாகாவை மறக்கவே கூடாது. உப்பளத்தைக் காவல் காக்கவும் கள்ள உப்பைப் பிடிக்கவும் அவர்களுக்கென்று தனி ஆட்கள், தனி உடுப்பு இருந்தது. 1942ல் குலசேகரன்பட்டினத்தில் கொல்லப்பட்ட லோன் துரையை ஊர்ப்பேச்சில் "போலீஸ் துரை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் அவர் உப்பு இலாகாக்காரர். உங்கள் ஆள் திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்தவர் என்றால் இந்தச் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். இலாகா மாறினால் தேட வேண்டிய காகிதக் கட்டே மாறிவிடும்.

இன்னும் பழைய ஆள், அதாவது 1859க்கு முன்னால் என்றால் இன்றைய அர்த்தத்தில் போலீஸே கிடையாது. கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் கீழே இருந்த சேவகர்கள்தான் வரியும் வசூலித்தார்கள், திருடனையும் பிடித்தார்கள். இரண்டும் ஒரே கையில் இருந்ததால் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, அது 1855ல் அறிக்கை கொடுத்து, அப்புறம்தான் 1859ஆம் வருஷத்து 24ஆவது சட்டத்தின் கீழ் மெட்ராஸ் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் வந்தது. அதற்கு முந்தைய ஆளை ரெவின்யூ காகிதங்களில்தான் தேட வேண்டும். பழைய பத்திரங்களில் "டாணா", "டாணாக்காரர்" என்ற சொற்கள் வந்தால் போலீஸ் ஸ்டேஷன், போலீஸ்காரர் என்று படித்துக்கொள்ளுங்கள். புரசைவாக்கத்தில் தாணா தெரு என்று இன்னமும் இருக்கிறதே, அந்த டாணாதான்.

அடுத்தது, எந்த அரசாங்கத்துப் போலீஸ்? திருநெல்வேலி என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். செங்கோட்டையாக இருந்தால் அது 1956 வரை நம் பக்கமே இல்லை, நாகர்கோவில், தக்கலை மாதிரி அதுவும் திருவிதாங்கூர். அந்தக் காகிதங்களுக்குத் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில்தான் கேட்க வேண்டும். புதுக்கோட்டைக்கு 1948 வரை சொந்தப் போலீஸ். பாண்டிச்சேரி, காரைக்கால் என்றால் பிரெஞ்சுக்காரன் காகிதம், அது தனிக் கதை. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பக்கம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா, அப்புறம் ராமநாதபுரம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986ல்தான், தென்காசி 2019ல். பழைய ஃபைல் தாய் மாவட்டத்தில் தங்கியிருக்கலாம், புது மாவட்டத்துக்கும் போயிருக்கலாம். ஆகவே அவர் வேலை பார்த்த ஸ்டேஷன் ஒன்றையாவது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஊர் பெயர் ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. "மலபாரில் இருந்தார்" என்று யாராவது சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். 1921 மாப்பிள்ளைக் கலவரத்தை ஒட்டி மலப்புறத்தில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் என்று ஒரு படையே உருவானது, மாகாணத்தில் எங்கே கலவரம் என்றாலும் அதைத்தான் அனுப்புவார்கள்.

இனி உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். பக்கிளில் உள்ள நம்பரைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு பரபரப்பு வரும், அதைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் தட்டிச் சொல்லிவிடுவார்கள் என்று. அந்த நம்பர் மாவட்டத்துக்குள் மட்டும் செல்லுபடி. ஒருவர் ரிட்டயர் ஆனால் அதே நம்பர் அடுத்து வருகிறவருக்குப் போகும், மாவட்டம் மாறினால் நம்பரும் மாறும். 1890ல் ஒரு பி.சி. (போலீஸ் கான்ஸ்டபிள்) 432, 1925ல் வேறொரு பி.சி. 432. ஆனால் ஒரு பயன் உண்டு. முத்துசாமி, சுப்பையா, ராமசாமி என்று ஒரே ஸ்டேஷனில் இரண்டு பேர் இருந்தால் கோர்ட் காகிதத்திலும் ஆர்டரிலும் நம்பரை வைத்துத்தான் பிரித்திருப்பார்கள். தனியாக அது எதையும் நிரூபிக்காது, இன்னொரு காகிதத்தோடு சேரும்போதுதான் பேசும்.

குரூப் போட்டோ நிஜமாகவே நல்ல சரக்கு. கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், தயவுசெய்து போட்டோக் கடையில் கொடுத்துக் கழற்றுங்கள், பழைய பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கிழிந்து வரும். ஸ்டுடியோ முத்திரை இருக்கும், சில சமயம் அட்டையின் அடியில் இங்கிலீஷில் சிறு எழுத்தில் நடுவில் உட்கார்ந்திருக்கும் துரையின் பெயர் இருக்கும். அந்தப் பெயர் கிடைத்தால் வருஷமும் கிடைத்த மாதிரிதான். மெட்ராஸ் மாகாணத்தில் காலாண்டுக்கு ஒரு தடவை சிவில் லிஸ்ட் என்று ஒரு புத்தகம் போட்டார்கள், எந்த அதிகாரி எந்தத் தேதியிலிருந்து எந்த ஜில்லா என்று அதில் இருக்கும். துரை திருநெல்வேலியில் இரண்டு வருஷம் சூப்பிரண்டெண்டாக இருந்திருந்தால் உங்கள் போட்டோவும் அந்த இரண்டு வருஷத்துக்குள். ஏட்டைக் கண்டுபிடிக்க துரையைப் பிடிப்பது வேடிக்கைதான், ஆனால் பலிக்கும். உடுப்பு எந்தக் காலத்தது என்று தெரியவில்லையா, எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டடத்தில் 2021ல் திறந்த போலீஸ் மியூசியத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். தலைப்பாகையும் பெல்ட்டும் வில்லையும் கண்ணெதிரே இருக்கும்.

வீட்டில் மெடல் இருந்தால் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1909ல் ஏற்படுத்திய கிங்ஸ் போலீஸ் மெடல், 1932ல் வந்த இந்தியன் போலீஸ் மெடல், இரண்டிலும் வாங்கியவர் பெயர் விளிம்பில் வெட்டியிருக்கும். கிங்ஸ் போலீஸ் மெடல் என்றால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் பெயர் வந்திருக்கும், அது இணையத்தில் இலவசம். 1935 வெள்ளிவிழா மெடல் மாதிரி விசேஷத்துக்குக் கொடுத்தவை பெயரில்லாமல் வந்தவை, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பதவிப் பெயரில் ஒரு சிக்கல். இன்றைக்கு ஏட்டு என்றால் ஸ்டேஷனில் ஒரு மூலை. ஆனால் 1902-03ல் ஃப்ரேசர் தலைமையில் போலீஸ் கமிஷன் உட்கார்ந்து, அதன் சிபாரிசுப்படி ஸ்டேஷன் பொறுப்பு சப் இன்ஸ்பெக்டர்களிடம் போகும் வரைக்கும், மெட்ராஸ் மாகாணத்தில் பல ஸ்டேஷன்களுக்கு ஹெட் கான்ஸ்டபிள்தான் அதிகாரி. ஊரில் அவரை இன்ஸ்பெக்டர் என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை. குடும்பக் கதைகளில் ஒரு தலைமுறைக்கு ஒரு புரமோஷன் நடக்கும், நாலு தலைமுறை போனால் ஏட்டு எஸ்.பி. ஆகிவிடுவார். கதையில் வரும் பதவியிலிருந்து ஒரு படி, இரண்டு படி இறங்கியும் தேடுங்கள்.

சரி, ஆவணக் காப்பகம். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், 1909ல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. அங்கே "போலீஸ்" என்று தனி இலாகாவைக் கேட்காதீர்கள். பழைய காலத்துக்கு ஜுடிஷியல் (நீதி) இலாகா அரசாணைகள், அப்புறம் ஹோம் (உள்துறை) இலாகா. வருஷவாரியாக இன்டெக்ஸ் புத்தகம் இருக்கும், அதைப் பார்த்து அரசாணை எண்ணும் தேதியும் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் கட்டு வரும். இன்டெக்ஸில் தேடும்போது இங்கிலீஷ்காரன் காதில் விழுந்த மாதிரி யோசியுங்கள். திருநெல்வேலி "டின்னவெல்லி", தூத்துக்குடி "டூட்டிகோரின்", திருச்சி "டிரிச்சினோபொலி". முத்துசாமி "மூட்டூசாமி" என்ற ஸ்பெல்லிங்கில் ஒளிந்திருப்பார். சாதிப் பட்டத்தோடு எழுதுவதுதான் அன்றைய வழக்கம், அதனால் நாயுடு, பிள்ளை, தேவர் என்ற எழுத்தின் கீழும் ஒரு தடவை பாருங்கள். ஏட்டு ஒருவர் அரசாணை வரை போக வேண்டுமானால் டிஸ்மிஸ் ஆகி மேல்முறையீடு செய்திருக்க வேண்டும், கடமையில் செத்து விதவைக்கு ஏதாவது கொடுத்திருக்க வேண்டும், இல்லை துப்பாக்கிச்சூடு மாதிரி பெரிய விஷயத்தில் மாட்டியிருக்க வேண்டும். வருஷா வருஷம் அச்சான போலீஸ் நிர்வாக அறிக்கைகளும் அங்கே உண்டு, சில வருஷத்துப் பிரதிகள் இணையத்திலும் கிடைக்கின்றன. எங்கே கலவரம், எங்கே கொள்ளை, எத்தனை பேருக்குத் தண்டனை என்று மாவட்ட நிலவரம் முழுக்க அதில் தெரியும்.

சர்வீஸ் புத்தகம் காப்பகத்துக்கு வராது. அது மாவட்டப் போலீஸ் அலுவலகத்து விஷயம், அங்கேதான் பெரும்பாலும் கதை முடிகிறது. நம் அரசு அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்று ஃபைல் வைக்கும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஃபைல் முடிந்ததும் அதன் மேல் ஒரு எழுத்துப் போடுவார்கள். ஆர். டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது, டி. டிஸ். பத்து வருஷம், கே. டிஸ். மூன்று வருஷம், எல். டிஸ். ஒரே வருஷம். கான்ஸ்டபிளின் லீவு, மாறுதல், சின்னத் தண்டனை எல்லாம் எந்த எழுத்தில் போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். யாரும் வேண்டுமென்று அழித்ததல்ல, விதிப்படி எரித்தது.

இருந்தாலும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய்க் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதினால் "தகவல் இல்லை" என்று ஒரு வரி வரும். நான் ஒரு மாவட்டத் தலைநகரில் அப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாம் தடவை இப்படிக் கேட்டேன்: இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை பணியாற்றியவர்களின் பெயர்ப் பதிவேடு, மாவட்ட ஆணைப் புத்தகம் (டி.ஓ. என்பார்கள்) இருக்கிறதா, எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது, இன்ன பெயர் கொண்டவரின் பக்க நகல் வேண்டும், அழிக்கப்பட்டிருந்தால் அழித்த உத்தரவின் நகல் வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். அந்த உத்தரவைத் தேடப் போகிறவர் ரெக்கார்டு ரூமுக்குள் போயே ஆக வேண்டும், போனால் சில சமயம் பதிவேடும் கண்ணில் படும். தனிநபர் தகவல் என்று மறுத்தால், இருபது வருஷத்துக்கு முந்தைய விஷயங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3)ன்படி மனுவை அவர்களே அங்கே அனுப்ப வேண்டும்.

என் அனுபவத்தில் இந்த அலைச்சலையெல்லாம் விட வீட்டுப் பத்திரம் அதிகம் பேசும். பழைய கிரயப் பத்திரம், அடமானப் பத்திரத்தில் பெயரோடு தகப்பனார் பெயர், சாதி, தொழில், ஊர் எல்லாம் எழுதுவார்கள். "போலீஸ் பென்ஷன்தார்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்தத் தேதிக்கு முன்னால் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று தெரிந்துவிடும். பத்திரம் கையில் இல்லையென்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் பழைய வில்லங்கத்துக்கு மனுப் போடுங்கள். ஆன்லைனில் வருவது பிந்தைய வருஷங்களுக்குத்தான், அதற்கு முந்தையதைப் புத்தகத்தில் தேடித்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அப்புறம் உள்ளூர்க் கோயிலில் குத்துவிளக்கு, மணி, கல் பெஞ்சு எதிலாவது "ஏட்டு இன்னார் உபயம்" என்று இருக்கிறதா பாருங்கள், கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் தொழில் இருக்கும். கொள்ளுப்பாட்டி பென்ஷன் வாங்கினார் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். குடும்ப ஓய்வூதியம் 1964க்குப் பிறகு வந்த ஏற்பாடு, அதற்கு முன்னால் ஏட்டு செத்தால் பென்ஷனும் அவரோடு போச்சு.

பத்திரிகை, வழக்கு, இந்த இரண்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும். சுதேசமித்திரன், தி ஹிந்து பழைய இதழ்களை நூலகத்தில் புரட்டலாம், சென்னையில் கன்னிமாராவும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் உண்டு. கொலை, கொள்ளை வழக்கு ஹைகோர்ட் வரை போயிருந்தால் தீர்ப்புத் தொகுப்புகளில் அரசுத் தரப்புச் சாட்சியாக உங்கள் ஆள் நிற்கலாம். அங்கே ஒரு எச்சரிக்கை. திருநெல்வேலி என்றால் வ.உ.சி. கைதை ஒட்டிய 1908 மார்ச் கலவரம், மணியாச்சியில் 1911ல் கலெக்டர் ஆஷ் கொலைக்குப் பிறகு நடந்த தேடுதல் வேட்டை, 1930 உப்புச் சத்தியாக்கிரகம், 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டம் எல்லாம் வரும். உங்கள் கொள்ளுத்தாத்தா லத்தியின் எந்த முனையில் இருந்தார் என்பது தெரிந்ததுதானே. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ராத்திரி ராத்திரி ஆட்களை எண்ணிக் கைநாட்டு வாங்கிய வேலையும் இந்த ஏட்டுகள் செய்ததுதான். பிடிக்காத பக்கம் வந்தால் மூடி வைக்காமல் அதையும் நகல் எடுங்கள், அடுத்து தேடுகிறவனுக்கு உதவும்.

ஆங்கிலோ இந்தியன் சார்ஜண்ட் வாரிசுகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. உங்களுக்கு வழி சுலபம். பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ரெக்கார்டுகளில் என்/2 வரிசை முழுக்க மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகள். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்காகவே நடக்கும் ஃபிபிஸ் சங்கத்தின் தேடுதளமும் இருக்கிறது. நம் ஏட்டுகளுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். எஸ்.பி. அலுவலகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, எழும்பூரில் மூன்று நாள் புரட்டியதில் அதே பெயரில் வேறு ஜில்லாக்காரர் ஒருவர் கிடைத்தார். கடைசியில் விடை இருந்தது அப்பாவின் அத்தை மகன் வீட்டுப் பரணில், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில். தாலுகா கஜானாவில் காட்டிப் பணம் வாங்கும் பென்ஷன் காகிதம், நாலாக மடித்தது, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. பதவி: ஹெட் கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் இல்லை என்று அப்போதே தெரிந்தது. பணத்தை வேறு ஆள் வந்து வாங்கிவிடாமல் இருக்க உயரம், அங்க அடையாளம், இடது கைப் பெருவிரல் ரேகை எல்லாம் அதில் போட்டிருந்தார்கள். ஐந்தடி ஐந்தரை அங்குலம். மை மங்கிப்போன ரேகை. அதற்கு மேலே ஒரு குமாஸ்தாவின் சரிந்த கையெழுத்தில் இங்கிலீஷில் ஒரே ஒரு அடையாளம்: இடது கெண்டைக்காலில் பழைய நாய்க்கடித் தழும்பு.

பெரியப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. அடுத்த மாசம் தம்பி கல்யாணம், அவர் சிறுத்தைக் கதையைச் சொல்லி முடிக்கட்டும்.